ரிஸ்க் கணக்கா, கால்சியம் ஸ்கேனா?

எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவருக்கு நாளை மாரடைப்பு வருமா என்று முன்கூட்டியே கணிக்க இரண்டு வழிகள் முன்னால் நிற்கின்றன. வயது, பிரஷர், கொலஸ்ட்ரால், சுகர், புகைப்பழக்கம் இவற்றை வைத்துப் போடும் ரிஸ்க் கணக்கு ஒன்று. இதய ரத்தக்குழாய்ச் சுவரில் எவ்வளவு கால்சியம் படிந்திருக்கிறது என்று சிடி ஸ்கேனில் பார்ப்பது இன்னொன்று. முதலில் கணக்கு, அதில் முடிவெடுக்க முடியாவிட்டால் ஸ்கேன் என்பது என் கட்சி. ஆனால் தெற்காசியர்களான நமக்கு இரண்டிலுமே ஓர் ஓட்டை இருக்கிறது.

கணக்கு பிறந்தது அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ரேமிங்காம் ஊரில். 1948-ல் ஊர்க்காரர்கள் 5,209 பேரைச் சேர்த்துப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வயதானால் பிரஷர் ஏறத்தான் செய்யும், அதனால் என்ன என்று டாக்டர்களே பலர் நினைத்திருந்த காலம் அது. அந்த நினைப்பை மாற்றியதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. 1998-ல் அதிலிருந்து புள்ளிகளைக் கூட்டிப் பத்தாண்டு ஆபத்தைச் சொல்லும் அட்டவணை வந்தது. பிரிட்டனின் க்யூரிஸ்க், அமெரிக்காவில் 2023-ல் வந்த பிரிவென்ட், உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வட்டாரவாரியாக வெளியிட்ட அட்டவணைகள் எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

இதன் பெரிய பலம், செலவே இல்லை என்பது. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் ரத்தப் பரிசோதனை இல்லாமலே, எடை, உயரம், பிரஷரை வைத்துப் பார்க்கும் வடிவமும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

பலவீனம், அது கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. உங்கள் ஆபத்து 10 சதவீதம் என்றால், உங்களைப் போன்ற 100 பேரில் 10 பேருக்குப் பத்தாண்டுக்குள் பாதிப்பு வரும் என்று பொருள். அந்தப் பத்தில் நீங்கள் ஒருவரா என்று அதற்குத் தெரியாது. அதோடு, கணக்கில் வயதுக்குத்தான் பெரிய கை. 38 வயதில் புகைபிடித்துக்கொண்டு கொலஸ்ட்ராலும் ஏறியிருப்பவருக்குக்கூட எண் குறைவாகவே வரும். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வந்த தெற்காசியர்களின் நடுவயது 53. மற்றவர்களுக்கு கிட்டத்தட்ட 59. ஆறு வருடம் முந்துகிற நமக்கு இது சின்ன ஓட்டை இல்லை. பிரிவென்ட் 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முப்பதாண்டு ஆபத்தையும் சொல்வது நல்ல திருத்தம். க்யூரிஸ்கில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் என்று தனித்தனியாகக் கேட்பார்கள்; லண்டனில் இருக்கும் ஈழத்தமிழர் ‘பிற ஆசியர்’ என்றுதான் குறிக்க வேண்டும்.

சரி, ஸ்கேனுக்கு வருவோம். ஆர்தர் அகட்ஸ்டனும் சகாக்களும் 1990-ல் வெளியிட்ட முறை இது. ஊசி மருந்து கிடையாது. சில விநாடி மூச்சைப் பிடித்தால் போதும். படத்தில் குறிப்பிட்ட அடர்த்திக்கு மேல் வெள்ளையாகத் தெரியும் ஒவ்வொரு திட்டின் பரப்பையும் அளந்து, அடர்த்திக்கு ஏற்ப 1 முதல் 4 வரை பெருக்குவார்கள். 5 சதுர மில்லிமீட்டர் திட்டு, அடர்த்தி எண் 3 என்றால் 15. எல்லாவற்றையும் கூட்டினால் உங்கள் ஸ்கோர். ஊரார் சராசரி இல்லை, உங்கள் குழாயிலேயே இருப்பது. அமெரிக்காவில் 6,814 பேரோடு தொடங்கிய மெசா ஆய்வில், ஸ்கோர் 300-க்கு மேல் இருந்தவர்களுக்கு, பூஜ்யம் வந்தவர்களைவிட இதயப் பாதிப்பின் ஆபத்து ஒன்பது மடங்குக்கும் மேல் இருந்தது.

ஆனால் அந்த பூஜ்யத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். கொழுப்புப் படிவு முதலில் மென்மையாகத்தான் இருக்கும்; கால்சியம் சேர்வது பிற்பாடு. மென்மையான படிவு இந்த ஸ்கேனில் தெரியாது, வெடித்து ரத்தம் உறைய வைக்கவும் அதனால் முடியும். 35 வயதுக்காரர் பூஜ்யத்தைப் பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது என்பது இதனால்தான். மெசாவில் வெள்ளையர், கறுப்பர், ஹிஸ்பானியர், சீன அமெரிக்கர் என்று நான்கு பிரிவினர் இருந்தார்கள், தெற்காசியர் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க, அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களை வைத்து 2010-ல் தொடங்கிய ‘மசாலா’ (MASALA) ஆய்வில் சேர்ந்தவர்கள் முதலில் 906 பேர்தான். இன்னொன்று, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிட்டால் கால்சியம் கூடலாம். படிவு கெட்டிப்படுவதன் அடையாளம் அது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வருடா வருடம் ஸ்கேன் எடுப்பது வீண்.

அமெரிக்க இதயவியல் அமைப்புகளின் 2018 வழிகாட்டுதல் இரண்டையும் இணைத்த விதம் எனக்குச் சரியாகப் படுகிறது. கணக்கில் 7.5 முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, மாத்திரை தொடங்குவதா என்று தயக்கம் இருந்தால் ஸ்கேன். ஸ்கோர் 100 அல்லது அதற்கு மேல் என்றால் ஸ்டேட்டின். பூஜ்யம் என்றால் தள்ளிப்போடலாம். புகைப்பவர், சர்க்கரை நோயாளி, குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு கண்டவர் ஆகியோருக்கு இந்தச் சலுகை கிடையாது. தெற்காசிய வம்சாவளியையே ஆபத்தைக் கூட்டும் காரணியாக அது சேர்த்திருக்கிறது. இதோடு, ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் ஒரு துகளான லிப்போபுரோட்டீன்-ஏ-வின் அளவைப் பார்க்கும் பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறை செய்துகொள்வது நல்லது என்பேன்; அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, அதிகம் மாறாது.

நெஞ்சுவலியோ நடந்தால் மூச்சிரைப்போ உள்ளவர்களுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. அவர்கள் கணக்கும் போட வேண்டாம், கால்சியம் ஸ்கோருக்கும் காத்திருக்க வேண்டாம். நேரே டாக்டரிடம் போய் இசிஜி எடுக்க வேண்டும்.