நிக்கல் மென்படலக் கிட்: கீழக்கரை, மண்டபம் பக்கத்து ஆய்வகங்களுக்கு வாங்கலாமா?

காந்த உலோகப் படலத்தில் ஒளி பட்டால் மின்னழுத்தம் பிறப்பதை எம்.எஸ்சி. மாணவர்களுக்குச் செய்துகாட்டும் கிட் இது. கண்ணாடித் துண்டின்மேல் 30 நானோமீட்டர் தடிமனில் ஒரு நிக்கல் பட்டை (நீளம் 10 மி.மீ., அகலம் 2 மி.மீ.), 100 மில்லிவாட் சிவப்பு லேசர், ஒளியை விட்டுவிட்டு மறைக்கும் சாப்பர் சக்கரம், காந்தப் புலம் தர ஒரு ஜோடி காயில், சாப்பரின் வேகத்தில் வரும் சிக்னலை மட்டும் பிரித்தெடுக்கும் சின்ன லாக்-இன் ஆம்ப்ளிஃபையர். தாராளமாக வாங்கலாம். ஆனால் கையேட்டில் உள்ளபடியே அளந்தால் தப்பான எண்தான் கிடைக்கும்.

கையேடு இதைச் சோலார் செல்லோடு சேர்த்துப் பேசுகிறது. அது சரியல்ல. இங்கே ஒளி நேராக மின்சாரமாவதில்லை, முதலில் வெப்பமாகிறது. நிக்கலுக்குள் நுழையும் சிவப்பு ஒளியில் பெரும்பகுதி மேலே பத்துப் பதினைந்து நானோமீட்டருக்குள் அடங்கிவிடும். அந்தச் சூடு கண்ணாடிக்கு இறங்கும்போது படலத்தின் மேலுக்கும் கீழுக்கும் வெப்பச்சரிவு உண்டாகிறது. காந்தமாக்கம் பட்டையின் குறுக்கே இருந்தால், இரண்டுக்கும் செங்குத்தாக, நீளவாக்கில் மின்னழுத்தம் எழும். 1886-ல் எட்டிங்ஸ்ஹவுசனும் நெர்ன்ஸ்டும் கண்ட விளைவின் காந்த உலோக வடிவம் இது. அனாமலஸ் நெர்ன்ஸ்ட் என்பார்கள்.

அளவு மிகச் சிறியது. ஒரு மி.மீ. ஒளிப்புள்ளிக்கு நூறு நானோவோல்ட்டை எட்டுவதே பெரிது. செம்புக் கம்பி நிக்கலைத் தொடும் இரு முனைகளுக்கும் இடையே 0.1 டிகிரி வித்தியாசம் வந்தாலோ, சீபெக் விளைவால் (இரு வேறு உலோகங்கள் சேரும் முனைகளில் வெப்பநிலை வேறுபட்டால் மின்னழுத்தம் வருவது) 2 மைக்ரோவோல்ட், அதாவது 2,000 நானோவோல்ட், வந்து நிற்கும். கையேடு சொல்வதுபோல் லேசரை நிறுத்தாமல் அடித்து மல்டிமீட்டரில் பார்த்தால் தெரிவது பெரும்பாலும் இதுதான். லேசரை அணைத்த பிறகும் எண் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சாப்பரை 73 ஹெர்ட்ஸில் ஓடவிடுங்கள். கரண்ட் லைனின் இரைச்சல் வரும் 50-ஐயும் அதன் மடங்குகளையும் தவிருங்கள். அந்த வேகத்தில் சூட்டின் ஏற்ற இறக்கம் கண்ணாடியில் ஒரு மி.மீ.யில் இருபதில் ஒரு பங்கு தூரம்தான் போகும், நான்கு மி.மீ. தள்ளியிருக்கும் முனைகளுக்கு எட்டாது. படலத்தின் குறுக்கே உள்ள சரிவு நானோ நொடிகளில் அமைந்துவிடுவதால் நமக்கு வேண்டிய சிக்னலுக்குக் குறைவில்லை. பிறகு காயில் மின்னோட்டத்தைத் திருப்பி இரண்டு முறை அளந்து, வித்தியாசத்தில் பாதியை எடுங்கள். காந்தத்தோடு குறி மாறாத எதுவும் அதில் கழிந்துவிடும். காந்தப் புலத்தைப் பட்டையின் நீளவாக்கில் திருப்பினால், கழிக்கும் முன்பே லாக்-இன் காட்டும் சிக்னல் பூஜ்யமாக வேண்டும். ஆகவில்லையென்றால் சிதறிய ஒளி முனைகளில் படுகிறதா பாருங்கள். கறுப்புத் தாள் கொண்டு மறைத்தால் போதும்.

நம் கரையில் பெரிய எதிரி உப்புக்காற்று. உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் தனி நிலையமே இருக்கிறது. 30 நானோமீட்டர் நிக்கல் எம்மாத்திரம்? உப்பிலுள்ள குளோரைடு படலத்தில் புள்ளிப் புள்ளியாகக் குழி பறிக்கும், கம்பியை இணைக்கச் சில்வர் பேஸ்ட் ஒட்டிய ஓரத்திலிருந்து தொடங்கும். நல்ல பட்டையின் தடை 20 முதல் 40 ஓம். ஒவ்வொரு முறையும் முதலில் அதை அளந்து நோட்டில் எழுதுங்கள். நூறைத் தாண்டினால் முனை போய்விட்டது என்று பொருள். படலத்தை விரலால் தொடக்கூடாது. வேலை முடிந்ததும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டெசிக்கேட்டருக்குள் (காற்றுப்புகாத உலர் ஜாடி) வையுங்கள்; நீல ஜெல் இளஞ்சிவப்பானால் 120 டிகிரி அடுப்பில் உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம்.

எர்த்தையும் சோதியுங்கள். உப்பு மணலில் புதைத்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி துருப்பிடித்து இற்றிருந்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே வந்து லாக்-இன்னைத் திணறடிக்கும்.

ஒரு குறையை மன்னிக்கவே முடியாது: 100 மில்லிவாட் லேசர் கொடுத்துவிட்டு பாதுகாப்புக் கண்ணாடி கொடுக்கவில்லை. பளபளக்கும் நிக்கலில் பட்டுத் தெறிக்கும் ஒளியே கண்ணைப் பறித்துவிடும். அந்த அலைநீளத்துக்கான கண்ணாடியை வாங்கி வைத்த பிறகே லேசரைப் போடுங்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது, நிக்கலின்மேல் 5 நானோமீட்டர் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) மூடியும் முனைகளில் தங்கப் பூச்சும் போட்ட படலம் கிடைக்குமா என்று கேளுங்கள். விலை கூடினாலும் இந்தக் கரைக்கு அதுதான் சரிப்படும்.