கார்பல் டன்னல்: '10 நிமிஷ வேலைதான்' என்று சொல்லி அனுப்புகிறார்களா?

"10 நிமிஷ வேலை, அடுத்த வாரமே கை பழையபடி ஆகிவிடும்." கார்பல் டன்னல் என்ற மணிக்கட்டு நரம்பு நெருக்கலுக்கான ஆபரேஷனைப் பற்றிய இந்தப் பேச்சை நம்பி மேஜையில் ஏறியவர்கள்தான் பிறகு புலம்புகிறார்கள். முதல் பாதி ஏறக்குறைய உண்மை. மணிக்கட்டின் குறுகிய பாதையில் 9 தசைநாண்களோடு மீடியன் நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. மேலே கூரையாக இருக்கும் தடித்த நாரை வெட்டினால் நரம்புக்கு இடம் கிடைக்கும். கையை மட்டும் மரக்க வைத்துச் செய்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆளைக் கவிழ்ப்பது இரண்டாம் பாதி.

அதற்கும் முன்னால், நோய் அதுதானா? கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி என்று மரக்க வேண்டும். ராத்திரி விழித்துக் கையை உதறினால் கொஞ்சம் தேவலை ஆகும். சுண்டு விரல் மட்டும் மரத்தால் அது வேறு நரம்பு. கழுத்தைத் திருப்பும்போது கைக்கு வலி இறங்கினால் கழுத்தைத்தான் பார்க்க வேண்டும், மணிக்கட்டைக் கிழித்துப் பயனில்லை. நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்டை (நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது) முன்பே எடுத்து வையுங்கள். பிறகு குணமாகவில்லை என்றால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த ரிப்போர்ட்தான் கைகொடுக்கும். இதைக் கிளப்பிவிடக்கூடிய தைராய்டு, சர்க்கரைக் கோளாறுகளைப் பார்த்தார்களா? தொந்தரவு லேசாக இருந்தால், மணிக்கட்டை நேராக நிறுத்தும் ஸ்பிளின்டை 6 வாரம் ராத்திரியில் போட்டுப் பார்க்கச் சொல்லாமலே தேதி குறிப்பவரிடம் கொஞ்சம் உஷார். ஆனால் கட்டை விரலடிச் சதை வற்றத் தொடங்கிவிட்டால் ஸ்பிளின்டோடு நாள் கடத்துவதும் தப்பு.

ஆபரேஷனுக்குப் பிறகு ராத்திரி குத்தல் பெரும்பாலும் சில நாளிலேயே போய்விடும். விரல்நுனி மதமதப்பு அப்படி இல்லை. சேதமான நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மி.மீ.தான் வளரும், மாதக்கணக்காகும். வற்றிய சதை திரும்பாமலும் போகலாம்.

யாரும் வாய் திறக்காத சமாசாரம், உள்ளங்கை அடிப்பக்க வலி. தையல் 10 முதல் 14 நாளில் பிரிந்திருக்கும், தழும்பும் பார்க்க அழகாக இருக்கும். நாற்காலியில் கையூன்றி எழுந்தால் தழும்பின் இரு பக்கமும் சுருக்கென்று பிடிக்கும். பாட்டில் மூடி திருக முடியாது. இது சாதாரணமாக 3 மாதம், சிலருக்கு 6 மாதம். பிடிமானமும் அதே வேகத்தில்தான் வரும். முன்கூட்டியே சொல்லியிருந்தால் பயந்து அலைய வேண்டியதில்லை.

முதல் இரண்டு மூன்று நாள் கையை நெஞ்சுக்கு மேலே வையுங்கள். விரலை அன்றைக்கே முழுசாக மடக்கி நீட்டுங்கள். நாள் முழுக்கத் தூளியில் தொங்கப் போட்டால் விரல் விறைத்துக்கொள்ளும்.

"போகப் போகச் சரியாகிவிடும்" என்ற பதிலை ஏற்கக் கூடாத இடங்களும் உண்டு. ராத்திரி குத்தல் துளிகூடக் குறையவில்லை என்றால் நாரின் விரல்பக்க முனை வெட்டுப்படாமல் நின்றிருக்கலாம். முன்பு இல்லாத இடத்தில் புதிதாக மரத்தாலோ, கட்டை விரலை உள்ளங்கையிலிருந்து மேலே தூக்க முடியாவிட்டாலோ நரம்பில் கத்தி பட்டிருக்கலாம். கை வீங்கி, பளபளத்து, தீயாய் எரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

எண்டோஸ்கோப்பில், அதாவது சின்னத் துளை வழியே கேமரா விட்டுச் செய்தால் கொஞ்சம் சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இதுவும் திறந்து செய்வதும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்காகப் பல மடங்கு கேட்டால் யோசியுங்கள். இரண்டு கையையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றால், கழிவறையில் யார் உதவுவார்கள் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.