பெங்கால் பூனை என்று சொல்லி என்னிடம் விற்ற குட்டி

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ யாராவது போனில் படம் அனுப்பி, "வெளிநாட்டுப் பூனைக்குட்டி, பாதி விலைக்குத் தாறேன்" என்று சொன்னால், காசு போடுவதற்கு முன் இதை வாசியுங்கள். நான் 45,000 ரூபாய் கொடுத்தேன். காசு போனதை விட வேறு சில விஷயங்கள்தான் இன்னும் மனதை அறுத்துக்கொண்டிருக்கின்றன.

என் மகனுக்கு ஒன்பது வயது. அமெரிக்காவில் ஸ்கங்க் என்ற கறுப்பு வெள்ளைப் பிராணியை வீட்டில் வளர்க்கும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இங்கே அதெல்லாம் கிடைக்காது, பூனை வேண்டுமானால் பார்ப்போம் என்று சொல்லி வைத்திருந்தேன். விற்பனைக் குழு ஒன்றில் புள்ளி போட்ட குட்டியின் படம் வந்தது. பேசினேன். விற்றவர் அவ்வளவு பணிவாகப் பேசினார், ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு "அக்கா". பெங்கால் இனம், கொழும்பில் ஒரு லட்சத்துக்கு மேல், தடுப்பூசி போட்டாயிற்று, அட்டையும் தருவேன் என்றார். கொஞ்சம் முரடாக இருக்குமா என்று கேட்டேன். "வெளிநாட்டில ஸ்கங்கையே வீட்டுக்குள்ள வளர்க்கிறாங்க அக்கா, இது வெறும் பூனைதானே" என்றார். மகனின் ஆசையைப் பற்றி நானே முதல் நாள் அவரிடம் சொல்லியிருந்தேன். அதையே எடுத்து என்னிடம் திருப்பி விற்றிருக்கிறார் என்று அப்போது எனக்குப் படவில்லை.

10,000 முற்பணமாக வங்கியில் போட்டேன். மீதியை கல்முனை வீதியில் ஒரு பஸ் தரிப்பிடத்தில் வைத்துக் கொடுத்தேன். அவர் வரவில்லை, மோட்டார் சைக்கிளில் ஒரு பையன் வந்து, ஓட்டை போட்ட ரெஜிபோம் பெட்டியைத் தந்துவிட்டுப் போனான். பெட்டிக்குள் ஒரு பழைய சாரத் துண்டும் தடுப்பூசி அட்டையும் இருந்தன. அட்டையில் வைத்தியரின் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. இதைக் கவனிக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது.

குட்டி மியாவ் என்று கத்தவே இல்லை. கிட்டப் போனால் தொண்டைக்குள் இருந்து ஒரு உறுமல் வந்தது. பால்மா கரைத்து வைத்தேன், வயிற்றோட்டம் பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள், குசினியில் திரளி மீன் கழுவ வைத்திருந்த பேசினுக்குள் முன்காலை விட்டு, ஒரு மீனை அள்ளி எடுத்தது. தண்ணீருக்குப் பயமே இல்லை. எங்கள் வீட்டில் எத்தனையோ பூனைகள் வளர்ந்திருக்கின்றன, ஒரு துளி மேலே பட்டால் ஓடிவிடும். அப்போதே எனக்குள் ஏதோ உறுத்தியது. ஆனாலும் மகன் சிரித்துக்கொண்டே கைதட்டியதைப் பார்த்து, நல்ல இனம் போல என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வெல்லாவெளிப் பக்கமிருந்து மாமா வந்தார். படுவான்கரையில் நாற்பது வருடமாக வயல் செய்கிற மனிதர். கூட்டை எட்டிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. "இதென்ன புள்ள, பூனையெண்டா வாங்கினாய்? வயலுக்குள்ள, ஆத்துப் பத்தைக்குள்ள கிடக்கிற புலிப்பூனைக் குட்டிதானே இது. மறுகா தாய் தேடித் திரியுமே" என்றார்.

அது மீன்பிடிப் பூனை. மாமா காட்டிய அடையாளங்களை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கும் உதவும். வால் உடம்புக்குப் பொருந்தாமல் கட்டையாக இருக்கும். காது சிறியது, வட்டமானது, அதன் பின்பக்கத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. நெற்றியில் கறுப்புக் கோடுகள். சாம்பல் கலந்த மண்ணிற உடம்பில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். முன்காலை விரித்துப் பார்த்தால் விரல்களுக்கு நடுவே பாதித் தூரத்துக்குத் தோல் இருக்கும். நகம் முழுவதும் உள்ளே போகாது, நுனி வெளியே தெரியும். வளர்ந்த கடுவன் 15 கிலோ வரைக்கும் கூட வரலாம். இதை ஒரு அறைக்குள் வளர்ப்பதை நினைத்துப் பாருங்கள்.

பெங்கால் என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. பெங்கால் என்பது 1960களில் அமெரிக்காவில், ஆசியச் சிறுத்தைப் பூனையையும் வீட்டுப் பூனையையும் கலந்து தொடங்கிய இனம். அந்தச் சிறுத்தைப் பூனை இலங்கையில் இல்லை. ஆனால் மீன்பிடிப் பூனை அதன் நெருங்கிய உறவு, குட்டியில் புள்ளியெல்லாம் கிட்டத்தட்ட ஒன்று போலத்தான் தெரியும். தெரியாத கண்ணுக்குப் பிடிபடாது.

அன்று பின்னேரமே மகனின் பெருவிரலைக் கடித்துவிட்டது. மீன் வைக்கப் போன கை. இரண்டு பல் ஆழமாக இறங்கியிருந்தது. சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தடுப்பூசி போட்ட குட்டி என்று அட்டையைக் காட்டினேன். வைத்தியர் அட்டையைப் பார்க்கவே இல்லை. வீட்டு நாய் கடித்தால் நாயைக் கட்டிவைத்துக் கவனிக்கச் சொல்லலாம், காட்டு விலங்கு கடித்தால் அந்தக் கணக்கு இல்லை, உடனே விசர்நாய்க்கடி ஊசி தொடங்க வேண்டும் என்றார். காயத்தைச் சுற்றியும் ஊசி போட்டார்கள். பிள்ளை கத்திய கத்தல் எனக்கு இன்னும் கேட்கிறது. பிறகும் பல தடவை ஊசிக்குப் போனோம். அரச ஆஸ்பத்திரி என்றபடியால் காசு செலவாகவில்லை.

அந்த ஸ்கங்க் கதையையும் பிறகு தேடி வாசித்தேன். அமெரிக்காவிலேயே சில மாநிலங்களில்தான் அனுமதி. அங்கே வளர்ப்பவை பண்ணையில் பிறந்து, குட்டியிலேயே நாற்றச் சுரப்பியை வெட்டி எடுத்தவை. அவ்வளவு செய்தும் ஸ்கங்குக்கென்று அங்கீகரித்த விசர்நாய்க்கடித் தடுப்பூசி அங்கேயே கிடையாது. வீடியோவில் இதையெல்லாம் யாரும் காட்டுவதில்லை.

மகனைக் கடித்த அன்று இரவே விற்றவருக்கு அழைத்தேன். முதலில் அக்கா, அக்கா என்றார். மீன்பிடிப் பூனை என்று சொன்னதும் குரல் மாறியது. "குட்டி உங்கட வீட்டிலதானே இருக்கு. பொலிசுக்குப் போனா உங்களத்தான் பிடிப்பான்" என்றார். அதோடு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்.

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். இந்த வியாபாரம் ஓடுவதே இந்தப் பயத்தில்தான். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி மீன்பிடிப் பூனை பாதுகாக்கப்பட்ட விலங்கு. பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். வாங்கியவர் வாய் திறக்க மாட்டார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நானும் ஒரு இரவு முழுக்க அப்படித்தான் இருந்தேன். விடியற்காலையில் குட்டியை வாவிக் கரைக் கண்டல் பத்தைக்குள் விட்டுவிடலாமா என்று கூட யோசித்தேன். மாமாதான் தடுத்தார். இந்தக் குட்டிகள் ஒன்பது பத்து மாதம் தாயோடு திரிந்துதான் வேட்டை பழகும். தனியே விட்டால் தெருநாய் ஒரு நாளில் முடித்துவிடும் என்றார்.

காலையில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைத்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். மத்தியானத்துக்குள் உத்தியோகத்தர்கள் வந்தார்கள். வாக்குமூலம் எடுத்தார்கள், வங்கிச் சீட்டையும் உரையாடல் படங்களையும் வாங்கிக்கொண்டார்கள். நான் பயந்த மாதிரி யாரும் என் மேல் பாயவில்லை. எதையும் அழிக்காமல் வைத்திருந்தது உதவியது. நீங்களும் அழிக்காதீர்கள், கோபத்தில் கூட.

குட்டியைக் கொண்டுபோகும்போது ஒருவரிடம், இது திரும்பக் காட்டுக்குப் போகுமா என்று கேட்டேன். மனிதக் கைப்பட்டு வளர்ந்தால் கஷ்டம்தான், பார்ப்போம் என்றார். பெரும்போக அறுவடை நேரத்தில் வயலோரத்தில் இப்படிக் குட்டிகள் அகப்படுமாம். தாய் இரை தேடப் போயிருக்கும், வெட்டுமெசின் சத்தத்துக்குக் கிட்ட வரப் பயந்து நிற்கும். குட்டியைக் கண்டால் தொடாமல் விலகி நின்றால், இரவில் தாயே வந்து தூக்கிக்கொண்டு போகும் என்றார். என் காசுக்காக ஒருவன் அந்த நேரம் பார்த்துத்தான் போயிருக்கிறான்.

போன கிழமை அதே ஆள் வேறு பெயரில் ஒரு படம் போட்டிருந்தார். இந்த முறை தேவாங்கு, "கையில் வைத்து விளையாடலாம்" என்று எழுதி. தேவாங்கும் பாதுகாக்கப்பட்ட விலங்குதான். படத்தில் அதே சிவப்புச் சீமெந்துத் தரை, மூலையில் அதே விளிம்பு உடைந்த நீலப் பேசின். அதையும் 1992க்குச் சொல்லிவிட்டேன். அந்தப் பேசினை உங்கள் போனில் கண்டால் நீங்களும் சொல்லுங்கள்.