கூர் பென்சிலா, செபியாவா?

மலையடிவாரத்தில் ஒரு துறவி. இந்தக் காட்சியைத் தாளில் கொண்டுவர 1800களின் தொடக்கத்தில் ஜெர்மன் ரொமாண்டிக் ஓவியர்கள் (உணர்ச்சிக்கும் இயற்கைக்கும் முதலிடம் தந்தவர்கள்) இரண்டு வழிகளை அதிகம் விரும்பினார்கள்.

ஒன்று, ஊசிபோலச் சீவிய கெட்டி பென்சில். கிராஃபைட்டோடு களிமண் கலந்து சுடும் முறைக்கு 1795இல் கான்டே என்ற கண்டுபிடிப்பாளர் பிரான்சில் காப்புரிமை பெற்றார். பென்சிலின் கடினத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி பிறந்தது. 1810இல் வியன்னாவை விட்டு ரோமுக்குப் போய், வெறிச்சோடிக் கிடந்த சான்ட் இசிடோரோ மடத்தில் தங்கிய நாசரேனியர்களுக்கு, அதாவது கிறிஸ்தவ ஓவியத்துக்குப் புத்துயிர் தர முயன்ற இளம் ஓவியர் குழுவுக்கு, இந்தக் கூர்கோடுதான் பிடித்தது. அங்கியின் மடிப்புக்கும் பின்னால் நிற்கும் மரத்துக்கும் ஒரே கவனம். அந்த வட்டத்தைச் சேர்ந்த ஃபிரீட்ரிக் ஒலிவியே 1817இல் பென்சில் கோட்டின் மேல் பேனா மையால் வரைந்த காய்ந்த இலைகளிலும் இதே கூர்மைதான்: சுருண்ட ஓரம்கூடத் தப்பவில்லை. நிழலும் பூச்சு இல்லை, நெருக்கமாக இழுத்த மெல்லிய கோடுகள்தான்.

இன்னொன்று செபியா, அதாவது கணவாய் மை. காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் பென்சிலில் எல்லைக்கோடு போட்டு, மேலே நீர்த்த மையை அடுக்கடுக்காகப் பூசுவார். 1805இல் கவிஞர் கோத்தே ஜெர்மனியின் வைமார் நகரில் நடத்திய போட்டியில் பரிசு வாங்கியது இந்த வேலைதான். மூடுபனி, அந்தி வெளிச்சம் எல்லாம் அருமையாக வரும். ஆனால் ஆளின் முகம் அதில் கரைந்துவிடும். வெயில் பட்டால் மையும் வெளிறும்.

என் ஓட்டு பென்சிலுக்கு. துறவியின் முகமும் விரல்களும் தெரிய வேண்டாமா? பனிமூட்டம்தான் விஷயம் என்றால், சரி, செபியாவை எடுங்கள்.