ரோணா கப்பலில் போன தாத்தாவைத் தேடி

இந்த முறை சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனது கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ அல்ல. அம்மாவின் அப்பா இறந்த தேதியைக் கண்டுபிடித்து அம்மாவிடம் சொல்ல வேண்டும், அதற்காகவே போனேன். அம்மாவுக்கு 81 வயது. தாத்தா கடலில் போனபோது அம்மா வயிற்றில் இருந்தார். எந்த நாள் என்று தெரியாததால் எங்கள் வீட்டில் ஆடி அமாவாசையன்றுதான் அவருக்குப் படையல்.

தாத்தா வணிகக் கப்பலில் பண்டாரி, அதாவது சமையல்காரர். கப்பலின் பெயர் ரோணா. நாகப்பட்டினத்துப் பெரியவர்களிடம் ராஜுலா என்றால் உடனே முகம் மலரும். சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடிய கப்பல். அதே வழித்தடத்துக்காக அதே 1926-ல் கட்டப்பட்ட ஜோடிக் கப்பல்தான் ரோணா. அதை யாரும் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்திருந்த ஆங்கிலக் கடிதமும் 2004 சுனாமியில் டிரங்குப் பெட்டியோடு போய்விட்டது.

முதலில் சென்னை. ஓர் அரசு அலுவலகத்தில் ஒரு முழு நாள் போனது. "பட்டாளமா? நேவியா?" என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை, சரக்குக் கப்பல் கம்பெனி ஆள், இரண்டாம் உலகப் போரில் இறந்தவர் என்றேன். அப்படியென்றால் இங்கே இல்லை என்று அடுத்த அறைக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அதே கேள்வி. யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. ஆனால் சீருடை போடாமல் போரில் செத்தவனுக்கு அவர்களிடம் ஒரு கட்டமே இல்லை. அது எனக்கு ரொம்ப வலித்தது.

என்னைப் போலத் தேடுகிறவர்கள் அலைவதற்கு முன்னால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடிவிடுங்கள். காசு கிடையாது. வணிகக் கப்பல் ஆட்களும் அதில் உண்டு. பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி விட்டுவிடாதீர்கள். வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை. எட்டு விதமாக எழுதிப் பார்த்த பிறகுதான் தாத்தா கிடைத்தார். கப்பல் ரோணா. நாள் 1943 நவம்பர் 26. விடுதி அறையில் அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேனோ தெரியாது.

அப்புறம் மும்பை. மஸ்ஜித் பந்தர் பக்கம் இந்திய மாலுமிகள் இல்லம் இருக்கிறது. முதல் உலகப் போரில் இறந்த 2,000-க்கும் மேற்பட்ட மாலுமிகளின் நினைவிடம் அதுதான். இரண்டாம் போரில் கடலிலேயே போன ஏறத்தாழ 6,500 இந்தியக் கடற்படை, வணிகக் கப்பல் ஆட்களின் பெயர்கள் ஒரு பதிவேட்டில் உள்ளன. ஒரு பிரதி இங்கே, இன்னொன்று சிட்டகாங் போர்க் கல்லறையில். முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தேன். அங்கிருந்த பெரியவர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "நிதானமாப் பாருங்க" என்று இந்தியில் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார். பத்து நாள் பயணத்தில் எனக்குக் கிடைத்த நல்ல சேவை எது என்று கேட்டால் அந்த நாற்காலியைத்தான் சொல்வேன்.

ரோணா எப்படிப் போனது என்பதையும் எழுதிவிடுகிறேன், தமிழில் இது அதிகம் கிடைப்பதில்லை. போரில் அதைப் படைகளை ஏற்றும் கப்பலாக்கினார்கள். அல்ஜீரியாவின் ஒரான் துறைமுகத்திலிருந்து 2,000 அமெரிக்கச் சிப்பாய்களோடு சூயஸ் வழியாக இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. ஜெர்மன் விமானம் ஒன்று வானொலி அலையால் இயக்கிய சறுக்கு குண்டை அதன்மேல் விட்டது. இறந்த அமெரிக்கர்கள் மட்டும் 1,015 பேர். இப்படியொரு ஆயுதம் இருப்பது வெளியே தெரியக்கூடாது என்று விவரத்தைப் பல வருஷம் மூடிவைத்தார்கள். அமெரிக்காவில் 1996-ல் அலபாமாவில் நினைவுக்கல் வைத்தார்கள்.

தப்பித்தவர்கள் சிலரின் நினைவுகளில் ஒரு குற்றச்சாட்டு வருகிறது: இந்தியக் கப்பல் ஆட்கள் முதலில் படகில் ஏறிக்கொண்டார்கள் என்று. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கணத்தில் யார் என்ன செய்தார்கள் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கப்பல் ஆட்கள் 195 பேரில் பாதிக்கும் மேல் செத்தார்கள். முதலில் ஓடியவர்கள் அப்படிச் சாக மாட்டார்கள் என்றுதான் என் மனசு சொல்கிறது. அவர்கள் பக்கத்துக் கதையை யாரும் போய்க் கேட்டு எழுதவும் இல்லை.

மும்பையிலிருந்து சென்னை திரும்பி, எழும்பூரில் காரைக்கால் எக்ஸ்பிரஸ் பிடித்தேன். பெட்டி சுத்தமாக இருந்தது, வண்டியும் நேரத்துக்கு வந்தது. விடியற்காலை நாகையில் இறங்கி, ஆட்டோவில் வீடு.

அம்மாவிடம் தேதியைச் சொன்னேன். பழைய பஞ்சாங்கக் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கேட்டோம். கார்த்திகை மாதம், தேய்பிறையின் கடைசி. "ஆடியில வெச்சது அவருக்குப் போயிருக்கும்ல தம்பி?" என்று அம்மா கேட்டார். போயிருக்கும்மா என்றேன்.

சாயங்காலம் கடற்கரைக்கு வரவேண்டும் என்றார். அந்தக் காலத்தில் இங்கே கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில்தான் போய் ஏற வேண்டும். அந்தப் படகில் தாத்தா ஏறியதை அம்மாச்சி பார்த்துக்கொண்டு நின்ற இடம் கலங்கரை விளக்கத்துக்குக் கிழக்கே என்று அம்மா கைகாட்டினார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

"நவம்பர் மாசம்னியே, அந்தக் கடல்ல தண்ணி ரொம்பக் குளிரா இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும்மா."

சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார்.