பெற்றோருடன் வெளிநாட்டுப் பயணம்: படிப்புக்கு முன்பா, தடைக்காலத்திலா?

ஜெர்மனியில் டோர்ட்முண்ட் நகரில் முதுகலைப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்த செய்தியைச் சொன்ன அன்றே, “நாங்களும் கூட வந்து ரெண்டு வாரம் சுத்திப் பாத்துட்டு, உன்னைய அங்கன விட்டுட்டு வந்துர்றோம்” என்று அம்மா முடிவு செய்துவிட்டார். பாம்பனில் ஒரு விசைப்படகை வைத்துத் தொழில் செய்யும் அப்பாவோ, செப்டம்பரில் கரையை விட்டு எப்படிக் கிளம்புவது என்று யோசித்தார். செப்டம்பரில் உடன் வருவது, போகும் வழியில் சிங்கப்பூர், மலேசியா பார்ப்பது, முன்னதாக இலங்கைக்குப் போய் வருவது, படிப்பு தொடங்கிய பின் அடுத்த மீன்பிடித் தடைக்காலத்தில் ஜெர்மனிக்கு வருவது என நான்கு வழிகளை அந்தக் கோடையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அலசினோம்.

உடன் வருவது பற்றி முதலில் சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலான குடும்பங்கள் இதைத்தான் விரும்புகின்றன. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது; பாடங்கள் அக்டோபர் நடுவில்தான் ஆரம்பமாகும் என்பதால், செப்டம்பர் பிற்பகுதி ஓய்வாகக் கிடைக்கும் என்று தோன்றும். ஆனால் அந்த நாட்கள்தாம் மாணவனுக்கு மூச்சுவிட நேரமில்லாதவை. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் தாள் வேண்டும் என்பதால், ஹோட்டல் அறையில் தங்கிக்கொண்டு இந்த வேலையை முடிக்க முடியாது. வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, வசிப்பு அனுமதி ஆகியவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். மாணவரின் செலவுக்கென்று வைக்கும் முடக்கக் கணக்கில் (blocked account) நாம் முன்கூட்டியே கட்டிய 11,904 யூரோவும் மாதத்துக்கு 992 யூரோ வீதம்தான் நம் கைக்கு வரும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மகனோடு சென்று, பத்து நாட்களில் ஏழு நாட்களை அவன் வரிசையில் நின்று திரும்பும் வரை அறையில் காத்திருந்தே கழித்தது.

விசாவிலும் ஒரு சிக்கல் உண்டு. மாணவன் நீண்டகாலம் தங்குவதற்கான தேசிய விசாவும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் சுற்றுலா விசாவைப் பெற்றோர் கேட்பதும் தனித்தனி விண்ணப்பங்கள்; என்னுடையது தாமதமாகியிருந்தால், அவர்களுக்கு எடுத்த பயணச்சீட்டு வீணாகியிருக்கும். எல்லாம் சரியாக அமைந்தாலும், திரும்பும் வழியில் அந்நிய விமான நிலையத்தில் அவர்கள் இருவரும் தனியாக விமானம் மாற வேண்டும். இவற்றுக்கு மேல், எங்கள் கரையில் செப்டம்பர் என்பது மீன்துறையிடம் அனுமதி டோக்கன் வாங்கி வாரத்துக்கு மூன்று நாள் கடலுக்குப் போகும் சம்பாத்தியக் காலம்.

சிங்கப்பூர், மலேசியா வழியை நாங்கள் அதிக நேரம் பேசவில்லை. மதுரையிலிருந்து நேரடி விமானத்தில் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூரில் இறங்கலாம். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று. 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயிலும், தெலோக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவும், மலேசியாவில் 272 படிகள் கொண்ட பத்துமலையும் அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். ஆயினும் இரண்டு ஆண்டுகளுக்கான துணிமணி, குக்கர், மசாலாப் பொடி அடைத்த இரண்டு பெரிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு பத்துமலை அடிவாரத்தில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். பெட்டிகளுக்காக ஊர் திரும்பி மீண்டும் கிளம்புவதென்றால், அதைப் போகும் வழி என்று சொல்வதில் பொருளில்லை.

இலங்கை என்றதும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லை தாண்டியதாகச் சொல்லி நம் ஊர்ப் படகுகளைப் பிடித்து நிறுத்திவைத்திருக்கும் கரைக்குச் சுற்றுலா போவதா என்ற அவர் கேள்வி நியாயமானது. அதற்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஆகஸ்டில் ஐந்து நாட்களுக்குள் போய்த் திரும்பக்கூடிய வெளிநாடு எங்களுக்கு அதுவாகத்தான் இருந்தது. மதுரையிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர விமானப் பயணம். இணையவழியில் முன்அனுமதி வாங்கிக்கொள்ளலாம். மொழித் தொல்லை குறைவு. யாழ்ப்பாணத்தில் இருபத்தைந்து நாள் நடக்கும் நல்லூர்த் திருவிழாவும் அந்தப் பருவத்தில்தான் வருகிறது. மன்னாருக்கு அருகே பாடல்பெற்ற தலமான திருக்கேதீச்சரத்தைக் காண வேண்டும் என்று அம்மா நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் இலங்கைக்கே போனோம். தலைமன்னாரில் பழைய இறங்குதுறை இன்னும் நிற்கிறது. 1914 முதல் 1964 டிசம்பர் புயல் வரை தனுஷ்கோடியிலிருந்து கப்பல் வந்து சேர்ந்த இடம் அது. எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டில் கொழும்பு வரை போகலாம் என்று தாத்தா சொன்னதை அப்பா அங்கே நின்றுதான் முதன்முதலாக எனக்குச் சொன்னார். முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான நீர்ப்பரப்பு. நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அங்கிருந்த மீனவர் ஒருவரிடம் அப்பா கேட்டார். இருவரும் அரை மணி நேரம் வாடைக்காற்றையும் சோளகக் காற்றையும் பற்றிப் பேசிக்கொண்டார்கள். படகுகளைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. படிப்புக்கு முன் ஒரு பயணம் வேண்டுமென்றால், செலவு, நாட்கள், அலைச்சல் என எதை வைத்துப் பார்த்தாலும் எங்கள் மாவட்டத்துக் குடும்பங்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

ஜெர்மனியைப் பெற்றோருக்குக் காட்ட உரிய காலம் அடுத்த தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஜெர்மனியில் அதுவே வசந்தம், கோடையின் தொடக்கம், நீண்ட பகல். பாடங்கள் நடந்துகொண்டிருந்தாலும், மே முதல் நாளும் அதையொட்டி வரும் கிறிஸ்தவத் திருநாள் விடுமுறைகளும் நீண்ட வார இறுதிகளைத் தருகின்றன. குறையும் உண்டு. தடைக்காலத்தில் வருமானம் இல்லை. படகைக் கரையேற்றிப் பழுது பார்த்து, வண்ணம் பூசி, ஜூன் முதல் வாரத்தில் இறக்க வேண்டும். ஆகவே மே மாத நடுவில் இரண்டு வாரம்தான் கிடைக்கும்; அதற்கான பணத்தையும் தை, மாசி மாதங்களிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும்.

அப்படி முன்கூட்டியே ஒதுக்குவது விசாவுக்கும் உதவும். ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஒருவருக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். விரல்ரேகை கொடுக்க இருவரும் நேரில் சென்னைக்குப் போக வேண்டும், சேது எக்ஸ்பிரஸில் ஓர் இரவுப் பயணம். செலவுக்கு நான் பொறுப்பு என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கப் போதிய வருமானம் மாணவனிடம் பொதுவாக இருக்காது. சம்பளச் சீட்டு இல்லாத படகு உரிமையாளர் வங்கி வரவுகளையும் வருமான வரித் தாக்கலையும் காட்டியே தம் தொழிலை நிரூபிக்க வேண்டியிருப்பதால், மீன் விற்ற பணத்தைக் கையில் புழங்கவிடாமல் கணக்கில் போட்டு வருவது நல்லது. ஒரு பயண முகவர் அப்பாவின் தலைப்பெழுத்தைப் பயணச்சீட்டில் ஒரு விதமாகவும் காப்பீட்டில் வேறு விதமாகவும் எழுதிவிட்டதால், அதைத் திருத்தவே எங்களுக்கு ஒரு வாரம் போயிற்று. கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள்.

அந்த மே மாதத்துக்குள் எந்த ரயில் எங்கே போகிறது என்பது எனக்குப் பழகியிருந்தது. 2023இல் 49 யூரோவுக்கு அறிமுகமாகி 2025இல் 58 யூரோவான டாய்ச்லாண்ட் டிக்கெட்டில், அதிவேக ரயில்களைத் தவிர்த்து, வட்டார ரயில்களிலும் நகரப் பேருந்துகளிலும் மாதம் முழுவதும் போகலாம். கொலோன் பேராலயத்தின் 533 படிகளில் பாதியிலேயே அம்மா உட்கார்ந்துவிட்டார். ஆனால் டோர்ட்முண்டுக்குப் பக்கத்து ஊரான ஹாமில், ஈழத் தமிழர்கள் எழுப்பி 2002இல் குடமுழுக்கு நடத்திய காமாட்சியம்பாள் கோயிலில் அரை நாள் இருந்தார். அதன் திருவிழா கோடையின் தொடக்கத்தில் வருகிறது; தீர்த்தம் அருகிலுள்ள கால்வாயில் நடக்கும் என்று கேள்விப்பட்டு, “கடலு இல்லாட்டி வாய்க்காலு” என்று சிரித்தார். ஹம்பர்க்கில் 1703 முதல் ஞாயிறுதோறும் கூடும் மீன் சந்தைக்குக் காலை ஐந்து மணிக்கே போனோம்; அப்பா எதுவும் வாங்காமல், பனிக்கட்டியில் அடுக்கியிருந்த மீன்களின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே கடை கடையாக நடந்தார்.

உணவுப் பொருள் பற்றி ஒரு செய்தி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவர அனுமதியில்லை. மீன் வகைகளைச் சொந்தப் பயன்பாட்டுக்கு 20 கிலோ வரை கொண்டுவரலாம். அம்மா உருக்கி எடுத்துவைத்த நெய் மதுரை விமான நிலையத்துக்குப் போகும் வழியிலேயே மாமா வீட்டில் இறங்கிவிட்டது. குடல் நீக்கிக் காயவைத்து மூன்று உறைகளில் கட்டிய நெத்திலிக் கருவாடு என் அறை வரை வந்து சேர்ந்தது.