பாசிக்குடாவில் ஹோட்டல் வேலைக்குப் போகப் போகிறீர்களா? என் 83,100 ரூபாய் போன விதத்தை வாசித்துவிட்டுப் போங்கள்

நேற்றுப் பின்னேரம் நாலு மணிக்கு அந்த ஹோட்டல் கேற்றில் நின்றேன். நாலரை மாதம் ஒவ்வொரு நாளும் போய் வந்த கேற். காவலுக்கு நிற்கிற அண்ணா என் முகத்தைப் பார்க்காமல், "உள்ள விட வேணாமெண்டு சொல்லியிருக்காங்க தங்கச்சி" என்றார். என் உழைப்புக் காசு 83,100 ரூபாய் உள்ளே கிடக்கிறது. இன்னும் கை நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் போடவில்லை. கடலைப் பார்த்தபடி நீச்சல் தடாகத்தோடு இருக்கிற நடுத்தர ஹோட்டல் ஒன்று. எனக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை.

ஏப்ரல் கடைசியில் சூப்பர்வைசர் எங்கள் வீட்டுக்கே வந்தார், பக்கத்து ஊர்க்காரர். அம்மாவுக்கு ஹோட்டல் வேலை என்றாலே விருப்பமில்லை. பொம்பிளைப் பிள்ளையை அனுப்பினால் ஊர் என்ன கதைக்கும் என்று பயம். அவர் திண்ணையில் இருந்து பிளேன்டீ குடித்தார். செத்துப்போன அப்பாவின் படத்தைப் பார்த்து, எந்த வருஷம் என்று விசாரித்தார். பிறகு சொன்னார்: "ஒண்டுக்கும் யோசிக்காதீங்கம்மா. உங்கட மகள் எனக்குத் தங்கச்சி மாதிரி. சட்டப்படி குடுக்க வேண்டியதை விடக் கூடவே நாங்க தாறம், 35,000. மேலால சேவிஸ் சார்ஜ், சீசன்ல 20,000க்குக் குறையாது." அம்மா என்னைப் பார்த்து, "போ மகள்" என்றார். அந்தக் கணக்கை நம்பித்தான் அம்மா தோட்டை அடகு வைத்து, குழுக் கடனில் நின்ற தவணைகளைக் கட்டினார். நியமனக் கடிதம் கேட்டேன். வாற கிழமை என்றார். கடைசி வரைக்கும் தரவில்லை.

வேலைக்கு நான் பின்நிற்கவில்லை. காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் ஆறு, ஏழு ஆகும். ஆட்கள் மாறுகிற நாளில் 14 ரூம். கடலில் குளித்துவிட்டு அப்படியே வருவார்கள், குளியலறை வடிகாலில் மணல் அடைத்து நிற்கும், விரலால்தான் தோண்டி எடுக்க வேண்டும். குளோரின் பட்டுப் பட்டு விரல் நுனித் தோல் உரிந்து, வீட்டில் சோறு பிசைய எரியும். கிழமைக்கு ஒரு லீவு என்றார்கள், ஓகஸ்டில் கிடைத்தது இரண்டு நாள்.

மே மாதம் யூனிபோமுக்கு என்று 5,000 பிடித்தார்கள், விலகும்போது திருப்பித் தருவார்களாம். ஓய்வு காலத்துக்குச் சேர்க்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 8 வீதம், அதாவது 2,800, மேயிலும் ஜூனிலும் வெட்டினார்கள். சேவிஸ் சார்ஜ் சீசன் முடிய மொத்தமாக வரும் என்றார்கள். ஒருநாள் ரூம் துப்புரவாக்கும்போது மேசையில் கொழும்புக் குடும்பம் ஒன்றின் பில் கிடந்தது. 120,000 ரூபாய், கீழே சேவிஸ் சார்ஜ் 10 வீதம், 12,000. அதில் ஒரு சதமும் என் கைக்கு வரவில்லை. அது இந்த 83,100க்குள் இல்லை.

ஜூலைச் சம்பளத்தில்தான் நான் கவிழ்ந்தேன். வவுச்சரில் 35,000 என்று எழுதியிருந்தது. கையில் தந்தது 15,000. "கணக்கு முடிக்க வேணும், சைன் வைங்க தங்கச்சி, மிச்சம் வெள்ளிக்கிழமை" என்றார். வீட்டுத் திண்ணையில் இருந்து அப்பாவைப் பற்றிக் கேட்ட அதே குரல். சைன் வைத்தேன். ஒரு போட்டோ கூட எடுக்கவில்லை.

ஓகஸ்டுக்கு ஒன்றுமே தரவில்லை. செப்டெம்பர் 15ஆம் தேதி, சீசன் முடிந்தது, இனி வர வேண்டாம் என்றார்கள். ஜூலை மிச்சம் 20,000, ஓகஸ்ட் 35,000, செப்டெம்பர் அரை மாதம் 17,500, யூனிபோம் 5,000, வெட்டிய 5,600. கூட்டிப் பாருங்கள், 83,100.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. எக்கவுண்டன்ட் லீவு. கொழும்பு ஹெட் ஒபிஸில் இருந்து வரவேணும். முதலாளி வெளிநாடு. ஒன்பது தரம் கோல் எடுத்தேன், இரண்டு தரம்தான் எடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. கடைசியாக சூப்பர்வைசர் அனுப்பியது நான் சைன் வைத்த வவுச்சரின் படம்: "ஜூலை முழுசா எடுத்திட்டீங்க. பொய் சொல்ல வேணாம்." தங்கச்சி என்ற சொல்லும் அதோடு போய்விட்டது.

திங்கட்கிழமை தொழில் அலுவலகத்தில் விசாரித்தேன். என் பெயரில் சேமலாப நிதிக் கணக்கே திறக்கவில்லை! என் 8 வீதத்தோடு அவர்கள் 12 வீதம் போட்டு, அடுத்த மாதம் முடியுமுன் கட்டியிருக்க வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) அவர்கள் இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். என் 5,600 எங்கே போனது?

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. நியமனக் கடிதம் இல்லாமல் ஒரு நாள் கூடப் போகாதீர்கள். கையில் வந்த காசும் தாளில் உள்ள காசும் ஒன்றாக இருந்தால் மட்டும் சைன் வையுங்கள், வைக்குமுன் படம் எடுங்கள். வேலை நேரத்தைக் கொப்பியில் குறியுங்கள். சம்பளத்தில் 8 வீதம் வெட்டினால் சேமலாப நிதி இலக்கத்தைக் கேளுங்கள்.

நாளைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க மட்டக்களப்புக்குப் போகிறேன். என்னோடு ரூம் செய்த மற்ற இரண்டு பேருக்கும் இதே கதிதான், வரப் பயப்படுகிறார்கள். இதை வாசித்தால், பிள்ளைகள், காலை ஏழரைக்குக் கிரான் சந்தி பஸ் தரிப்பிடத்தில் நிற்பேன். வாங்க. உங்கள் வவுச்சர்களையும் கொண்டுவாருங்கள்.